என் தம்பி அத்தியட்சர்

என் தம்பியின் மைட்டரைத் தைத்தவள் நான்தான். மைட்டர் என்றால் பிஷப்மார்கள் தலையில் வைக்கிற கூர்த்தொப்பி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருஷம் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு ஒரு தொப்பி பெரிய வேலையா? விறைப்புக்கு ஷூவின் உள்ளே வைக்கிற அட்டையையே வைத்து, மேலே பஜாரில் வாங்கின வெள்ளை சாட்டினைப் போர்த்தித் தைத்தேன். கனம் ஜாஸ்தியாகிவிட்டது. அபிஷேக ஆராதனையில் அவன் குனிந்தபோதெல்லாம் அது புருவத்தில் வந்து உட்கார்ந்தது.

"தலைல ஜோடு வச்ச மாதிரி இருக்குதுக்கா" என்றான்.

"நீ பிஷப்பாவறதுக்கு இது போதும், போடா" என்றேன்.

அவன் முதலில் எங்கள் பெரிய கோயிலைச் சேர்ந்த ஆயராக, அதாவது பாஸ்டராகத்தான் இருந்தான். பழைய ஜெபப் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பழைய முறைப்படி நடக்கும் ஒரு சின்ன சபையில் சேர்ந்தான். பிரிந்து வந்த அந்தச் சபையும் பிரிந்தது. இவன் ஒரு பாதியோடு போனான். அந்தப் பாதியும் உடைந்தபோது, மிச்சமிருந்த பதினோரு குடும்பங்கள் இவனையே அத்தியட்சர் ஆக்கிவிட்டன. பிஷப்புக்குப் பேராயர் என்பது புதுச் சொல்லாம், அத்தியட்சர்தான் பழசாம். பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்தான் அவன் பேராலயம். நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதினோரு வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஸ்கூட்டரில் முதலில் போய் நிற்பவன் அவன்தான்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. அப்பா தன்னை ஒருதரம் பிஷப் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து ஓய்ந்தவர். பெரிய கோயிலில்தான் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம். அபிஷேகத்துக்கு வரவில்லை. "தொப்பி வச்சவன்லாம் பிஷப்பா? என் வாய்ல அந்த வார்த்த வராது" என்று, கூப்பிட வந்தவனிடம் வாசலிலேயே சொல்லிவிட்டார். தம்பி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரம்! இரண்டு நாள் அவருக்கு டீ போட்டுத் தரவில்லை.

அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்கு வருவான், போவான். அப்பாவுக்குப் பிரியாணி வாங்கி வருவான். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்க மாட்டார்கள். எட்டு வருஷம் இப்படியே ஓடியது.

எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். அதனால் ஆராதனையில் அப்பா பக்கத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. முட்டி போய், காதும் கம்மியான பிறகுதான், கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு நானும் பக்கத்தில் இருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே அது நடந்தது. எப்போதும்போல ஆயர் ஜெபத்தில், "எங்கள் பேராயருக்காக" என்று தொடங்கிப் பெயரைச் சொன்னார். அப்பா கண்ணை மூடியபடி தம்பியின் பெயரைச் சொன்னார். முணுமுணுப்பதாகத்தான் அவர் நினைப்பு. காது கேட்காதவர் முணுமுணுப்பு நாலு வரிசைக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் அப்பாவோடு எப்போதும் உட்காரும் பெரியவரைப் பிடித்துக் கேட்டேன். "அவர் எட்டு வருஷமா அப்படித்தாம்மா சொல்றாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அடப்பாவிகளா! ஆண்கள் பக்கம் முழுக்கத் தெரிந்திருக்கிறது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு போன் போட்டுச் சொன்னேன். அவன், "அவங்க பேராயர் பேருக்கு அப்பறமா சொன்னாராக்கா?" என்று கேட்டான்.

"அந்தப் பேர அவர் சொல்லவே இல்லடா. அந்த எடத்துல உன் பேரு மட்டுந்தான்."

அவன் அழுவது கேட்டது. நானும் அழுதேன்.

"யாருடி போன்ல?" என்று அப்பா கட்டிலிலிருந்து கத்தினார்.

அவருக்குக் கேட்கும்படி நானும் கத்தினேன். "உங்க பிஷப்பு!"

அவர் மறுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சாப்ட்டானான்னு கேளு" என்றார்.