முந்தாத கோதண்டபாணி

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே புளியமரங்கள் இருபுறமும் கைகோத்து நின்ற காலம் அது. அந்த ரோட்டில் மாட்டு வண்டிகளின் வரிசைக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஊர்ந்து வந்தால், அதில் இருப்பவர் விக்கிரவாண்டி கோதண்டபாணிதான் என்று பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

முதலிலேயே அப்படி ஊர்ந்தவரல்ல அவர். தாண்டவராயன் என்பவரின் மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், அவருக்கு வேலை. ஊர் ஊராகப் போய், களத்திலேயே காயை உடைத்துப் பார்த்து விலை பேசி வர வேண்டும். மற்ற மண்டிக்காரர்களுக்கு முன்னால் போய் நிற்பதற்காகவே, சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடமிருந்து முதலாளி அந்த வண்டியை வாங்கித் தந்திருந்தார். பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி ஒன்று உண்டு. வண்டியில் ஏறிவிட்டால் கோதண்டபாணிக்குத் தலைகால் புரியாது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமல் எல்லா வண்டிகளையும் முந்திப் பறப்பார். மாடுகள் மிரளும். வண்டிக்காரர்கள் வைவார்கள். அந்த வசவு காதில் விழுவதற்குள் அவர் அடுத்த ஊரில் இருப்பார்.

முப்பத்தேழாம் வருஷம் கார்த்திகையில் அந்தப் பறத்தல் நின்றது. சின்னக்கண்ணு என்ற வண்டிக்காரரை ஒரு மதகுக்குப் பக்கத்தில் முந்தப் போனார். ஹாரன் சத்தத்தில் வலத்து மாடு மிரண்டு நடுரோட்டுக்கு வந்தது. அதன்மேல் ஏற்றக்கூடாதே என்று வண்டியை ஒடித்தவர், மதகுச் சுவரில் போய் மோதினார்.

கண் விழித்தபோது வானம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவர் மூட்டைகளின்மேல் மல்லாந்து கிடந்தார். யாரைப் புழுதியில் விட்டுப் போகப் பார்த்தாரோ, அந்தச் சின்னக்கண்ணுதான் அவரை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடாத பாணி. நம்ம மாடு ஜல்தியா போவாது. ஆனா கொண்டுபோயி சேத்துடும்."

தொடை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தபோது கால் சோளத்தட்டைபோல் சூம்பியிருந்தது. மனைவி செண்பகம் அழுததை அவர் பார்க்கவில்லை. அடுப்புப் புகையில் கலந்து அழுதுவிட்டு வெளியே வருவாள். தினம் எண்ணெய் தடவி நீவிவிடுவாள். தண்ணீர்ச் செம்பை மட்டும் எட்டாத தூரத்தில் வைப்பாள். அவர் கோபத்தோடு சுவரைப் பிடித்து எழுந்துபோய் எடுப்பார். அடுத்த நாள் செம்பு இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கும். அவளைத் திட்டித் திட்டியே அவர் நடக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் ரோட்டில் எங்கேயாவது ஹாரன் கேட்டால் ஓரத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

பழுது பார்த்த வண்டி வந்து சேர்ந்த அன்று, செண்பகம் அவரைத் திருவாமாத்தூருக்கு அழைத்துப் போனாள். நிலத்தகராறு, மாட்டுத்தகராறு எதுவானாலும் அங்கே அம்மன் கோயில் வட்டப்பாறையைத் தொட்டுச் சத்தியம் செய்தால் தீர்ந்தது. அதன்முன் பொய் சொன்னவன் குலம் தழைக்காது என்பது அந்தச் சீமையின் நம்பிக்கை. அதுவரை அந்தத் தம்பதிக்குக் குழந்தையும் இல்லை. மெதுவாக ஓட்டுவேன் என்று சொல்லத்தான் அவர் கையை நீட்டினார். செண்பகம் தடுத்தாள்.

"மெதுவான்னா எவ்ளோ மெதுவு? அம்மாவ ஏமாத்தாதீங்க. எனக்கு முன்னால போற எந்த வண்டியையும் முந்த மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டார். மாடு பூட்டிய கட்டை வண்டியை மட்டும் விலக்கிச் சொல்லியிருக்க வேண்டும் என்பது, திரும்பும் வழியில் வைக்கோல் வண்டி ஒன்றைப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சொன்னது சொன்னதுதான்.

அதற்குப் பிறகு அவர் பட்ட கேலி கொஞ்சமல்ல. மோட்டாருக்குப் புல் போடுகிறாரா என்று வண்டிக்காரர்கள் கேட்டார்கள். பின்னால் வரும்போது விழுகிற சாணியைப் பொறுக்கித் தரச் சொன்னார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். கோதண்டபாணி விடியும் முன்பே, ரோடு காலியாக இருக்கும்போது கிளம்பப் பழகினார். அகப்பட்டுக்கொண்ட நாட்களில் கடைசி வண்டிக்காரரோடு மழையையும் மகசூலையும் பேசிக்கொண்டே போவார். ஹாரனைக் கேட்டால் வரும் பயம் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

நாற்பதாம் வருஷம் மார்கழியில் செண்பகம் நிறைமாதம். ஒரு காலை வலி கண்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு முகம் வெளுத்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே விழுப்புரம் கொண்டுபோ என்றாள். ரயில் போய்விட்டது. தொட்டியில் தலையணை போட்டு, செண்பகத்தை உட்காரவைத்துக் கிளம்பினார்.

ஊர் எல்லை தாண்டியதும் பிரேக்கை அழுத்தினார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மல்லாட்டை வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. முந்தினால் சத்தியம் போகும். அம்மன் கேட்கப் போவது இந்தக் குழந்தையைத்தானோ? முந்தாவிட்டால் செண்பகம் பிழைப்பாளா?

"செம்பகம், முந்திடறேன். பாவம் என் தலையில வுழட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அவர் முழங்கையைப் பற்றினாள். "வாணாங்க. எத்தினி வருசங் கழிச்சி அம்மா குடுத்துருக்கா. அவகிட்ட பொய் சொல்லிட்டுப் பெத்துக்க எனக்குத் தெகிரியம் இல்ல."

கடைசி வண்டி சின்னக்கண்ணுவுடையது. வழக்கமான கேலிக்கு வாயெடுத்துத் திரும்பியவர், தொட்டியில் இருந்தவளைப் பார்த்தார். வண்டியை ஓரத்துச் சரிவில் இறக்கினார். குதித்து நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்த்துவிட்டார். முன்பாரம் தாங்காமல் வண்டி தலைகுப்புறச் சாய்ந்து, ஒரு மூட்டை பிய்ந்து காய் வயலில் கொட்டியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாடு அவுத்துட்டா அது வண்டி இல்ல பாணி, வெறுங்கட்டை. கட்டைய முந்தக்கூடாதுன்னு நீ சொல்லலியே. போ."

பிறகு முன்னால் இருந்தவர்களுக்குக் குரல் கொடுத்தார். "பாணி வூட்ல பிள்ளைவலி. அவுத்து வுடுங்கடா."

குரல் வண்டிக்கு வண்டி தாவிப் போனது. சாணி பொறுக்கச் சொன்னவன் அவிழ்த்தான். புல் போடுகிறாரா என்று கேட்டவன் அவிழ்த்தான். புளியமரத்தடி எங்கும் அவிழ்ந்த மாடுகள் நின்றன. நடுவே திறந்த வழியில் கோதண்டபாணி போனார். கண்ணீர் பார்வையை மறைத்ததே தவிர, ஹாரனில் அவர் கை படவில்லை. மாடு மிரளக்கூடாதல்லவா?

அந்தி சாய்வதற்குள் பொன்னி பிறந்தாள். தாயும் பிழைத்தாள்.

யுத்தம் முற்றிப் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, மோட்டார் சைக்கிள் மண்டிக் கொட்டகையில் நின்றது. அதன் தொட்டியில் கோழி அடைகாத்தது. கோதண்டபாணி சின்னக்கண்ணுவின் வண்டியில் ஏறிக் களங்களுக்குப் போனார். சில நாள் பொன்னியும் நடுவில் உட்கார்ந்து வருவாள். பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு கடந்துபோனால், அவளுக்குப் பொறுக்காது.

"யப்பா, நாமளும் முந்தலாம்ப்பா."

சின்னக்கண்ணு திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். "உங்கப்பன் நீ பொறந்த அன்னிக்கே முந்தல. இன்னிக்கா முந்தப் போறாரு?"

கோதண்டபாணி நொண்டிக் காலை மூட்டைமேல் நீட்டிக்கொண்டு, மகளுக்கு மல்லாட்டை உரித்துக் கொடுத்தபடியே வருவார்.