காயாத தாளில் ஒரு கூரை

என் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. தேயிலை மலை, மண் பாதை, நிறையப் பனி. பனிக்கு நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கிய சிவப்புக் கறை. தண்ணீர் பட்டுவிட்டதா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இல்லை. நான் கெடுத்தது.

வரைந்தவள் என் தங்கச்சி. அம்மா அப்போது தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி வீடு திரும்ப மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கேட்டது ஒன்றுதான்: தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும். போனில் படமெடுத்துக் காட்டினேன். "கண்ணு கூசுது, எடுத்துட்டுப் போ" என்றார். அதற்குப் பிறகுதான் தங்கச்சி தூரிகையை எடுத்தாள்.

எங்கள் மலை ஈரத்தில் தாள் லேசில் காயாது. அவள் அதோடு சண்டை போடவில்லை. தாளை இன்னும் நனைத்து அதன் மேலேயே பச்சையை விட்டாள். அது தானாகக் கசிந்து, விடிகாலையில் மலை தெரிவதுபோல் மங்கியது. வெள்ளைச் சாயத்தைத் தொடவே இல்லை. சாயம் படாமல் விட்ட தாள்தான் பனி. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டிவிட்டு வந்தவன் பார்த்தேன், படத்தில் வீட்டைக் காணோம்.

"நம்ம வீடு எங்க?"

"பனிக்குள்ள இருக்கு, அண்ணே."

"அம்மா கேட்டது வீட்ட. பனியவா கேட்டிச்சு?"

போன மாதம்தான் தகரக் கூரைக்கு நானே சிவப்பு அடித்திருந்தேன். அம்மா அதை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. தூரிகையைப் பிடுங்கிக் கூரையை இழுத்தேன். ஈரத்தில் சிவப்பு நாலா பக்கமும் ஓடியது.

"கூரைக்கு அடிச்சப்போ, காயறதுக்குள்ள கை வைக்காதன்னு என்னை விரட்டின. இப்ப யாருலா கை வச்சது?"

பழைய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். முழுதாகப் போகவில்லை. வேறு நல்ல தாளும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மா படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன், உள்ளே போகத் தைரியமில்லை. அம்மாவின் விரல் நேரே கறையில் போய் நின்றது.

"வீட்டுல யாருடி இருக்கா? அடுப்பு எரியுதே."

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணன்தாம்மா பத்த வச்சிச்சு."

"அவனுக்கு வேற என்ன வேல" என்று அம்மா சிரித்தார். பல நாளுக்குப் பிறகு சிரித்தார்.

அம்மா வீட்டுக்கு வரவில்லை. தங்கச்சி கல்யாணமாகி ஈப்போ போய்விட்டாள். கூரைக்கு அதன் பிறகு இரண்டு தடவை சாயம் அடித்துவிட்டேன். படத்தில் கறை வெளுத்துக்கொண்டே வருகிறது. போன வாரம் வந்தவள், லேசாகச் சிவப்பு தொட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"கை வச்சே, கொன்னுடுவேன்" என்றேன்.