அக்கா பெட்டியில் தாழம்பூ

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் செல்வி எழுதுகிறாள். ஆடி மாதத்தில் மட்டும் மூச்சிளைப்பு வருகிற பெண்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்கு.

முதல்முறை வந்தது பூவாடைக்காரி படையலில். சுமங்கலியாகச் செத்துப்போன என் அக்காவைத்தான் வீட்டில் அப்படிக் கும்பிடுகிறோம். நாங்கள் இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். அவள் சேலையை மூங்கில் பெட்டியில் வைத்து, வருடம் ஒருமுறை திறப்போம். சிவன் கோயிலில் சேர்க்காத தாழம்பூதான் அவளுக்கு உயிர். தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் தெருவே மணக்கும். அதனால் சேலை மடிப்பில் ஒரு புதுப் பூவும் வைப்போம்.

பெட்டியைத் திறந்து குனிந்தேன். கண் அரித்தது, நெஞ்சு அடைத்தது, தொண்டையில் விசில் சத்தம். மாமா, அக்காவின் கணவர், கற்பூரத்தோடு முன்னால் வந்து நின்றார்.

“வந்துட்டியா? எம்மேல கோவமாடி?”

மூச்சுக்குத் தவித்துத் தலையை ஆட்டினேன். அவர் அழுதார். பிறகு ஒவ்வோர் ஆடியும் இதே கதை. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்? சாமி வருகிற உடம்பு என்று பக்கத்து வீட்டுக்காரி முதல் தோசையை எனக்கு எடுத்துவைப்பாள்.

நாலாம் வருடம் உதடு நீலமாகிவிட்டது.

“வழி வுடுங்க! அம்மாவுக்கு மூச்சே வரல, குறி கேக்கறீங்க!” என்று கத்தி, செல்விதான் என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

உடம்பு தேறியபின் டாக்டர் தோல் சோதனை (முன்கையில் சொட்டு வைத்து ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பது) செய்தார். தாழம்பூத் தூள் வைத்த இடம் மட்டும் தடித்தது.

“பூவுல தூள் இருக்குல்லம்மா, மகரந்தம்? அதுல பல புரதம் இருக்கு. முக்கியமா ஒண்ணத்தான் ஒங்க ஒடம்பு எதிரின்னு நெனச்சி சண்ட போடுது. அதான் ஒவ்வாமை.”

“அப்ப எங்கக்கா வரலீங்களா?”

“அது எனக்குத் தெரியாது. அந்தப் பூ மட்டும் வேணாம்.”

இன்ஹேலர் (வாயால் உறிஞ்சும் மருந்து) கொடுத்தார். சேலையைத் துவைத்துக் காயவைத்தோம். மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, செல்வி சொன்னாள்.

“நாலு வருசமா நான் யாருகிட்டம்மா பேசினேன்?” என்றார்.

அடுத்த ஆடியில் பெட்டியைத் திறந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. மாமா வழக்கம்போல் கற்பூரத்தோடு நின்றார். அந்த விசிலை நானே கொஞ்சம் போட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். முடியவில்லை. கற்பூரம் எவ்வளவு நேரம் எரியும் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. என் மூச்சு தடையில்லாமல் போய்வந்தது. கற்பூரம் எரிந்து தீரும்வரை அவர் அந்த மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்.