நீங்கள் கேட்டது ஜெசிந்தாவின் குரல் இல்லை

ஜெசிந்தா போய்விட்டாள்.

நேற்றுக் காலை. மாதா கோயில் பூசைக்குப் போய் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மகளிடம் காப்பி கேட்டிருக்கிறாள். காப்பி வருவதற்குள்... ஹார்ட் அட்டாக்.

மகள் அனிட்டா போனில் சொன்னபோது நான் "சரிம்மா" என்றேன். மறுபடியும் "சரிம்மா".

இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். அடக்கம் முடிந்துவிட்டது. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். அழுகை வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது.

காலையிலிருந்து பலர் அவள் நடித்த சீரியல் கிளிப்பை ஷேர் செய்கிறீர்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனை, கரையில் நின்று அம்மா கூப்பிடுகிற காட்சி. "என்ன நடிப்பு, என்ன குரல்" என்று எழுதுகிறீர்கள்.

நடிப்பு அவளுடையது. குரல் என்னுடையது.

நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். இருபத்தைந்து வருஷம் ஜெசிக்கு நான்தான் பேசினேன்.

தூத்துக்குடி ஹார்பரில் ஒரு படத்தின் ஷூட்டிங் நடந்தபோது, காலேஜ் தோழிகளோடு வேடிக்கை பார்க்கப் போனவள் ஜெசி. கூட்டத்தில் நிற்கவைத்தார்கள். பிறகு குளோசப் எடுத்தார்கள். மூன்றாவது மாதம் சென்னைக்கு வந்துவிட்டாள். வீட்டில் ஒரு வருஷம் பேசவில்லையாம்.

சினிமாவில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் நர்ஸ், டைப்பிஸ்ட், கான்வென்ட் டீச்சர். கழுத்தில் ஒரு சிலுவையை மாட்டிவிடுவார்கள். இடைவேளைக்குள் செத்துப்போவாள்.

"எல்லாப் படத்துலயும் என் பேரு ஸ்டெல்லாதாம்ளா. இவங்களுக்கு வேற பேரே தெரியாது போல" என்று சிரிப்பாள்.

பேச மட்டும் விடமாட்டார்கள். அவள் வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சு வரும். செட்டில் சிரிப்பார்கள். அதனால் நான்.

அவள் எந்த இடத்தில் மூச்சு எடுப்பாள், எங்கே எச்சில் விழுங்குவாள்... எல்லாம் எனக்குத் தெரியும். திரையில் அவள் முகத்தை அவ்வளவு பார்த்திருக்கிறேன்.

பிறகு சீரியல்கள். அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரி. ரொம்பக் கடைசியில்தான் அந்த வேஷம். மீனவக் குடும்பத்து அம்மா. மெயின் ரோல். வாழ்க்கையில் முதல் தடவை.

இனிமேல் எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "மேடம், இதுக்கு அவங்களே பேசட்டுமா? அவங்க ஊர்ப் பேச்சுதானே. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அவங்களுக்கு லிப் சிங்க் வராது சார். டெய்லி எபிசோடு. டைம் இழுக்கும்" என்றேன்.

பொய். அவள் டப்பிங் பேசி நான் பார்த்ததே இல்லை. டப்பிங்குக்குப் புதுப் பெண்கள் நிறைய வந்திருந்த நேரம். எனக்கு வேறு வேலை இல்லை. பயம்.

அவர் சரி என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆனால் எனக்கு அந்தப் பேச்சு வரவில்லை. மைலாப்பூரில் வளர்ந்தவள் நான். அந்தக் கடற்கரைக் காட்சிக்கு டேக் மேல் டேக் போயிற்று. கதறிக் கதறி அழுதேன். எதுவும் ஒட்டவில்லை. யாரோ ஜெசிக்குப் போன் செய்ய, மேக்கப்கூடக் கலைக்காமல் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அழாதளா. பிள்ள செத்துட்டான்னு அம்மைக்குத் தெரியாதுல்லா. மத்தியானச் சோத்துக்குக் கூப்பிடுத மாதிரி கூப்பிடு. 'ஏலே, சோறு ஆறுது, வால...' அம்புட்டுதான்."

ரெக்கார்டிங் ஓடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் எஞ்சினியர் தலையைத் தூக்கி அவளையே பார்த்தார்.

"இப்ப நீ சொல்லு" என்று ஒதுங்கி நின்றுகொண்டாள்.

சொன்னேன். ஒரே டேக். நீங்கள் ஷேர் செய்வது அதைத்தான்.

அவளுடைய அண்ணன் மீன்பிடிக்க வள்ளத்தில் போய்த் திரும்பவில்லை என்பதை அனிட்டா இன்றுதான் சொன்னாள். அவர்களுடைய அம்மா அப்படித்தான் தினமும் கூப்பிட்டாராம்.

அந்த சீரியலுக்காக எனக்கு ஒரு அவார்டு கிடைத்தது. அவளுக்கு நாமினேஷன்கூட இல்லை. மேடையில் அவள் பெயரைச் சொன்னேனா... நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேஷங்கள் வரவில்லை. ஊரோடு வந்துவிட்டாள்.

போன வருஷம் அவளைப் பார்க்க வந்தேன். சொல்லிவிடத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் அவள்தான் பைபிள் வாசகம் வாசித்தாள். கொஞ்சம் கரகரத்த குரல். அவசரமே இல்லை. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

வீட்டில் சீலா மீன் குழம்பு. சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "ஜெசி, அந்த சீரியல்ல டைரக்டர் என்கிட்ட ஒண்ணு கேட்டாரு..."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. 'வசுமதி மேடம் வேண்டாம்னுட்டாங்க'ன்னு அவருதான் சொன்னாரு."

"தெரிஞ்சுமா வந்து சொல்லிக்கொடுத்த?"

"பின்ன? என் மூஞ்சில்லா அது. நீ கெடுத்து வச்சிருப்ப."

ஒரு மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"கோவம் இருந்துச்சுளா. ரொம்ப நாள் இருந்துச்சு. இப்ப இல்லன்னு சொல்ல மாட்டேன். சாப்பிடு."

சாப்பிட்டேன்.

இன்று கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும், கோயில் உபதேசியார் என் கையில் மைக்கைக் கொடுத்தார். கூட வேலை பார்த்தவர், இரண்டு வார்த்தை பேசட்டும் என்று.

"ஜெசிந்தா..." என்று ஆரம்பித்தேன்.

முன்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள். "ஏளா, டீவியில பேசுதது இவங்கதாம்ளா!"

பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் டிரெயின்.

வரேன், ஜெசி.