இடது பின்கதவு

எங்கள் வீட்டில் காதுக்குப் பெயர்போனவள் நான். படிப்புக்குப் பெயர்போனவள் என்று சொல்ல ஒருவரும் முன்வராததால், எட்டு வயதில் அந்தப் புகழையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஒரு சனிக்கிழமை காலை, பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில், ஓடுகிற காரின் டிக்கிக்குள் சுருண்டு கிடந்து சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்றைக்கு ஒரு பிள்ளையை டிக்கிக்குள் போட்டு மூடினால் பத்திரிகையில் படம் வரும். அன்றைக்கு அது குடும்பத்துக்குச் செய்கிற தொண்டு.

கார் எங்களுடையதல்ல. எருக்கலம்பிட்டியில் வியாபாரம் செய்த ஒருவருடையது. அவரை அப்பா 'நானா' என்பார். அண்ணன் என்பதற்கு அந்த ஊர்ச் சொல். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அப்பா அவரிடம் பன்னிரண்டு வருடம் டிரைவராக இருந்தவர். முதலாளியும் டிரைவரும் என்று வெளியில் பெயர்; நாங்கள் பார்த்த மட்டில், ஒரே காருக்கு இரண்டு சொந்தக்காரர்.

அதற்கு முந்திய வருடம் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனம் முழுவதும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். வள்ளம் ஏறுவதற்கு முதல்நாள் பின்னேரம் நானா தானே காரை ஓட்டிக்கொண்டு எங்கள் படலை வாசலுக்கு வந்தார்.

"இது அமானிதம், தம்பி, ஒன்ன நம்பித் தாறது," என்று சாவியை நீட்டினார். "நான் வந்து கேக்கிற மட்டும் ஒன்ட கையில இருக்கட்டும்."

"என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பன் நானா," என்றார் அப்பா.

பிள்ளையை அவர் பார்க்கிற விதம் எனக்குத் தெரியும் என்பதால், காரை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

பிறகு இரண்டு பேரும் காரைப் பற்றியே கதைத்தார்கள். பற்றரிக்குத் தண்ணீர் விடவேண்டும். மூன்றாவது கியர் முரண்டு பிடிக்கும். சும்மா நிறுத்தி வைத்தால் உப்புக்காற்று தின்றுவிடும், ஆகவே வாடகைக்கு, ஹயருக்கு, ஓடவேண்டும். இடது பக்கப் பின்கண்ணாடி இறங்காது, அதோடு மினக்கெட வேண்டாம். பன்னிரண்டு வருடம் ஓட்டிய மனிதருக்கு இதையெல்லாம் ஏன் சொல்கிறார் என்று நான் யோசித்தேன். அப்பாவோ முதன்முறை கேட்பவர்போல ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு நின்றார்.

ஆறேழு மாதம் கார் ஒழுங்காக ஓடியது. பிறகுதான் சத்தம் தொடங்கியது. டொக். பள்ளத்தில் விழுந்தால் டொக் டொக். ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு கிழவி பாதிவழியில் அப்பாவின் முதுகைத் தட்டினாள்.

"தம்பி, பின்னுக்கு ஆரோ தட்டுகினம். நிப்பாட்டி ஏத்துங்கோ, பாவம்."

சின்ன மாமா, அம்மாவின் தம்பி, கடற்கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். உலகத்தில் உள்ள எஞ்சின் எல்லாம் அவருக்குப் பின்பக்கத்தில்தான் இருந்தன. சத்தம் பின்னால் வருகிறது, ஆகவே எஞ்சினில்தான் பழுது என்று தீர்ப்புச் சொன்னார். காரின் எஞ்சின் முன்னால் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் அவருக்கு நினைவூட்டவேண்டியிருந்தது. அதன் பிறகும் தீர்ப்பு மாறவில்லை. சத்தம் முன்னாலிருந்து பின்னுக்கு ஓடுகிறது என்றார். எங்கள் பங்குச் சுவாமியார் பொனட்டில் தீர்த்தம் தெளித்தார். அவரும் மாமாவின் கட்சி.

"முழுக்கக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும் அத்தான்."

"ஆரின்ரை காரெண்டு நினைச்சுக் கதைக்கிறாய்? ஒரு நட்டிலை கை வைக்கக்கூடாது."

"நல்லது. வழியிலை எஞ்சின் சிதறினாப் பிறகு நானா வந்து கேட்டால் என்னத்தைக் குடுப்பியள்? நம்பர் தட்டையோ?"

அப்பாவின் முகம் செத்துப்போனது. அவரது பயமும் அதுதான். திறந்தால் நம்பிக்கைத் துரோகம். திறக்காமல் விட்டால், ஒப்படைத்த பொருளைப் பாழாக்கிய பழி. இரண்டு வாரம் சோறு சரியாக இறங்கவில்லை. அப்போதுதான் என் காது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

டிக்கியிலிருந்து தூசும் வியர்வையுமாக இறங்கி, "இடது பக்கப் பின்கதவு," என்றேன்.

"கதவுக்குள்ளை என்னடி எஞ்சினே கிடக்கு?" என்று மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. கதவின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தநாள் பூசை முடிந்து, மாமா உதைபந்தாட்டம் பார்க்கப் போன நேரம், அப்பா அந்தக் கதவின் உள்தட்டைக் கழற்றினார். ஸ்குரூக்களைச் சட்டை மடியில் ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். கையை உள்ளே விட்டு ஒரு பழைய பால்மா டின்னை எடுத்தார். சுற்றியிருந்த துணி உக்கி, அவிழ்ந்து தொங்கியது. மூடியைத் திறந்தார். நானாவின் மனைவியின் காப்புகள், ஒரு சங்கிலி, அவர்களுடைய சின்ன மகளின் தோடுகள். அந்தத் தோடுகளை எனக்குத் தெரியும். பெருநாளுக்குப் போனபோது அவள் எனக்குக் காட்டிப் பெருமையடித்தவை.

நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அப்பா டின்னை மடியில் வைத்தபடி வெகுநேரம் மண்ணில் இருந்தார்.

"கியரைச் சொன்னவர், பற்றரியைச் சொன்னவர்," என்றார் கடைசியில், என்னிடமல்ல. "இதை ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

பிறகு அந்த உக்கிய துணியையே முன்பு இருந்ததுபோல் தொங்கவிட்டு, டின்னை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அப்பா, ஒரு சாக்கைச் சுத்தி வைச்சால் சத்தம் நிண்டிடுமெல்லே?"

"சாக்கைக் கண்டால், திறந்து பாத்தனான் எண்டு அவருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சால் ஏசுவாரோ?"

அப்பா ஸ்குரூக்களை அதே துளைகளில் பூட்டி, புதிதாகக் கீறல்பட்ட தலைகளில் சேற்றைக் குழைத்துப் பூசினார். "நீ ஒண்டும் காணேல்லை," என்றார். நானா ஏசுவார் என்று பயப்படுகிறார் என்றே நான் முடிவுசெய்தேன். அவ்வளவு பெரிய மனிதர் ஏச்சுக்குப் பயப்படுவது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அதன் பிறகு இரண்டு வருடம் அந்தக் கார் தட்டிக்கொண்டே ஓடியது. கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா காருக்கு ஒவ்வொரு நோய் சொன்னார். ஸ்பிரிங் என்றார், சைலன்சர் என்றார், வீதி சரியில்லை என்றார். மாமா தன் தொழிலுக்கே அவமானம் என்று எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினார். என் காதின் புகழ் மங்கியது. வாயை மூடிக்கொண்டு புகழ் மங்கப் பார்த்திருப்பது, அந்த வயதில் நான் செய்த ஒரே தியாகம்.

ஒருநாள் நானா வந்தார். அகதியாக இருந்த புத்தளத்திலிருந்து, ஊரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக அனுமதி வாங்கிக்கொண்டு. மெலிந்திருந்தார், தோளில் ஒரு பை. தாடி முழுக்க வெள்ளை. காரின் பொனட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்னால், இடது பக்கமாக ஏறினார். நான் முன்னால், அப்பாவின் பக்கத்தில். முதல் பள்ளத்திலேயே டொக் என்றது.

"என்ன தம்பி சத்தம்?"

"பழசு தானே நானா. எத்தினையோ பேர் பாத்திட்டினம். ஒருத்தராலையும் கண்டுபிடிக்கேலாமப் போச்சு."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, வீதியைத்தான் பார்த்தார். ஆனாலும் வாய் தானாக மூடிக்கொண்டது.

எருக்கலம்பிட்டியில் அவர் வீட்டுக்குக் கூரை இல்லை. நானா கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றார். பிறகு, "தம்பி, சோடா ஒண்டு வாங்கிட்டு வாறியா? தொண்டை காயுது," என்றார். அப்பா கார்ச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். சந்தியில் ஒரு கடை திறந்திருந்தது. நான் காட்டினேன். அப்பா அதைத் தாண்டிப் போனார். வெயிலில் ஒரு மைல் நடந்து, வேறொரு கடையில் சோடா வாங்கி, அங்கேயே ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, எனக்கு ஒன்று வாங்கித் தந்து, நான் குடித்து முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அப்படியொரு சோம்பலை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

திரும்பி வந்தபோது நானா பின்சீற்றில் ஏறி இருந்தார். பை மடியில் இருந்தது. கார் புறப்பட்டது. முதல் பள்ளம், இரண்டாவது பள்ளம். ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கார் அப்படி அமைதியாக ஓடும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும், நானாவின் கை பின்னாலிருந்து வந்து அப்பாவின் தோளில் விழுந்தது. எடுக்கவில்லை. இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. அப்பா கியரை மாற்றவேண்டிய இடத்திலும் மாற்றாமல், தோள் அசையாமல் ஓட்டினார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. வீதி அவ்வளவு மோசம்.

"பயப்பிடாதேங்கோ நானா," என்றேன். "அப்பா மெல்லத்தான் ஓட்டுவார்."