சோதனைச் சாவடியில் ஒரு நீளச் சொல்

போர்க்காலத்தில், அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் நானும் அக்காவும் தமிழ் பேசுவதில்லை. எங்கே குண்டு வெடித்தாலும் மறுநாள் எல்லோரும் எங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நிற்கும்போதும் ஆங்கிலம்தான். வாயை மூடிக்கொண்டு நிற்க எங்கள் இருவருக்கும் வராது. அதனால் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தோம். முன்னால் நிற்கும் வாகனத்தின் இலக்கத் தகட்டிலுள்ள ஆங்கில எழுத்துகள் எல்லாம் வருகிற ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். நீளமான சொல்லுக்கே வெற்றி. தான் ஏற்கெனவே சொன்ன சொல்லை மறுபடி சொல்லக் கூடாது.

அன்று தகட்டில் சி, பி, என், ஏ. நான் யோசித்து முடிப்பதற்குள் அக்கா, "பார்ட்டிசிபேஷன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கள்ள ஆட்டம்! நேற்றும் நீ அதைத்தானே சொன்னனீ!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

வரிசை முழுவதும் திரும்பியது. அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த சிப்பாயும் நிமிர்ந்தான். அக்கா என் கையைக் கிள்ளுவாள் என்று நினைத்தேன். அவளோ என்னைவிடச் சத்தமாக, "நான் எங்கயடி சொன்னனான்? நேற்று அதை நீயெல்லோ சொன்னனீ!" என்றாள்.

சிப்பாய் எங்கள் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்ன சண்டை என்று சிங்களத்தில் கேட்டான்.

"இவள் தோற்றுவிட்டாள், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்" என்று அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னாள்.

அட்டைகளை நீட்டினான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் ஆங்கிலத்தில் மெதுவாக மன்னிப்புக் கேட்டேன்.

"கேக்கிறதெண்டால் தமிழில கேள்" என்றாள் அக்கா, கடைசி சீற் வரைக்கும் கேட்கும்படி.