கிளி இருமிய கூடம்

என் மாமனாரை நான் ஒருநாளும் மதித்ததில்லை. காலில் விழுந்திருக்கிறேன், எச்சில் இலை எடுத்திருக்கிறேன், அவர் வரும்போது சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றிருக்கிறேன். அதெல்லாம் அந்தக் காலத்து வில்லியனூரில் ஒரு மருமகள் செய்தாக வேண்டிய வேலை. மதிப்பு என்பது வேறு சமாச்சாரம்.

சைகோனில் ஏதோ ஒரு பிரெஞ்சு சர்க்கார் கச்சேரியில் காகிதம் அடுக்கிவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர் அவர். நெல்லையும் கரும்பையும் தம்பிமார் தலையில் கட்டிவிட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு சிகரெட் பிடிப்பதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டார். பீடி குடிப்பவனைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார். நாட்டுப் புகையிலை கூலியாளுக்கு, சிகரெட் துரைக்கு என்பது சைகோன் வரை போய் அவர் கற்றுவந்த ஞானம்.

பாகூரிலிருந்து வாழ வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு என் கிளியையும் கொண்டுவந்தேன். குஞ்சிலிருந்து நான் வளர்த்தது. அந்த வீட்டில் நான் பேசினால் பதில் பேசிய ஒரே உயிர் அதுதான். என் கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தோட்டத்துக் கிணற்றடியில் அது பேசுவதைக் கேட்ட மாமனார், கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் மாட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் வணக்கத்துக்குச் சொல்கிற ‘போன்ழூர்’ சொல்லப் பழக்கினார். கொம்யூன் ஆபீசில் காரியம் ஆகவேண்டியவர்கள், தேர்தல் பேச்சுக்காரர்கள், ஓசி சிகரெட்டுக்கு வருகிறவர்கள் என்று கூடத்தில் எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். அவர்களைப் பார்த்துக் கிளி போன்ழூர் சொல்லும். இவருக்கு ஏதோ தனக்கே பட்டம் கிடைத்த மாதிரி இருக்கும். பெருமை தலைக்கேறினால் கூண்டுக்குள் புகையை ஊதுவார். கிளி தும்மும், கூட்டம் சிரிக்கும். ஆம்பிளைகள் இருக்கும்போது நான் கூடத்தில் கால் வைக்கக் கூடாது. கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில மாதத்தில் கிளி இரும ஆரம்பித்தது. கரும்பு எடை போடுகிற ஆள் ஒருவன், “எசமான் மாதிரியே இருமுதுபா” என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அவ்வளவுதான், எசமானைப் போல இருமுகிற கிளியைப் பார்க்க ஒதியம்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பேச்சைக் கற்றுக்கொள்கிற பட்சி இருமலையும் கற்றுக்கொண்டது என்றே அத்தனை பேரும் நினைத்தார்கள். அது கிளியின் சொந்த இருமலாக இருக்கலாம் என்று அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு மண்டைக்குள் ஏதாவது இருக்க வேண்டும்.

எனக்குத் தெரியும். விடிகாலையில் கூடம் பெருக்கப் போகும்போது, கேட்க ஆளில்லாத நேரத்திலும் அது இருமிக்கொண்டிருக்கும். கண்ணில் நீர் வடியும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கும். மாமனாரின் சிகரெட் கறை மஞ்சளாகப் படிந்த விரலில் உட்கார்ந்து உட்கார்ந்து, அரிப்பெடுத்துத் தன் காலைத் தானே கொத்திப் புண்ணாக்கியிருந்தது. மார்பில் இறகே இல்லை. அவர் புதுச்சேரிக்குப் போய்த் தங்குகிற நாட்களில் கூண்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோவேன். இரண்டு நாளில் அதன் தொண்டை தெளியும். அவர் திரும்பினால் பழைய கதைதான்.

மாமியாரிடம் சொன்னேன். “ஊரே வந்து பாக்குது, கண்ணு பட்டுடிச்சிடி” என்றார். சாம்பிராணியும் காய்ந்த மிளகாயும் போட்டு, கூண்டைச் சுற்றிச் சுற்றிப் புகை காட்டினார். புகையால் வந்த நோய்க்குப் புகையே மருந்து! கிளி கம்பியிலிருந்து கீழே விழுந்தது. கண்ணேறு இறங்குகிறது என்று அவருக்கு ஒரே திருப்தி. கூண்டைத் தோட்டத்திலேயே வைத்துவிடலாம் என்று அவர் மூலமாகக் கேட்டுப் பார்த்தேன். கிணற்றடியில் வைத்தால் கிளியை யார் பார்ப்பார்கள் என்று பதில் வந்தது.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல் நின்றது, சிகரெட்டும் நின்றது. துரையால் சும்மா இருக்க முடியவில்லை. கூலியாட்கள் மெல்லுகிற அதே நாட்டுப் புகையிலையை ரகசியமாக வாங்கி, நறுக்கி, காகிதத்தில் சுருட்டிப் பிடித்தார். நாற்றம் தெருவுக்குப் போனால் மானம் போய்விடும் என்று கூடத்து ஜன்னல்களை அடைத்து வைத்தார். அவருடைய மானத்தைக் காப்பாற்ற, அந்தப் புகை மொத்தத்தையும் என் கிளி குடித்தது. அதற்குக் குரலே போய்விட்டது. இருமல் மட்டும் மிச்சம்.

ஒருநாள் பகலில், விஷயம் தெரிந்த நெருங்கிய விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டுவதற்காக, பிடித்து மிஞ்சிய, எச்சில் ஊறிய புகையிலைத் துண்டைக் கூண்டுக்குள் நீட்டினார். கிளி அதைக் காலில் பிடித்து, கொய்யாப்பழம் தின்கிற மாதிரி மென்றது. கூடமே குலுங்கிச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு உடம்பு நடுங்கியது. கக்கியது. இறக்கை விரிந்தபடி கூண்டுத் தரையில் கிடந்து இழுத்தது. நான் கொடுத்தனுப்பிய காபி ஆறுவதற்குள் உயிர் போய்விட்டது.

மாமனார் அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, செருப்பு முனையால் புரட்டிப் பார்த்தார். விருந்தாளிகளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

“பேசத் தெரிஞ்ச பட்சிதானே. ஒடம்புக்கு முடியலன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?” என்றார்.

அதற்கும் சிரித்தார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். அந்த வீட்டில் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியது அதுவே முதல் தடவை.

“அது தெனம் சொல்லிச்சி மாமா. நீங்க கை தட்டினீங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, கிளியையும் பார்க்கவில்லை. விருந்தாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்கள் முகத்தைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் என் கிளியை முந்தானையில் எடுத்துக்கொண்டு, அத்தனை ஆம்பிளைகள் நடுவிலும் நடந்து, தெரு வாசல் வழியாகவே வெளியே போனேன்.